ஜெனரல் ஜார்ஜ் ஹென்றி தாமஸ் (1816–1870): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றித் தமிழில் படிப்பவர்களுக்கு லிங்கன், கிராண்ட், ஷெர்மன், லீ ஆகிய பெயர்கள் நன்கு பழக்கமானவை. அந்த வரிசையில் சேரவேண்டிய ஜார்ஜ் ஹென்றி தாமஸின் பெயரைப் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. அவரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வரும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அவர் மீது எனக்குள்ள மதிப்பை மறைக்கவில்லை. அவர் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளையும் விட்டுவிடவில்லை.

தாமஸ் யார்?

வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்து, வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பயின்று, முப்பது ஆண்டுகள் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். 1861-இல் தென் மாநிலங்கள் பிரிந்து நாடு இரண்டாக உடைந்தபோது, தாம் பிறந்த மாநிலம் பிரிவினைப் பக்கம் போயும், அவர் வடக்கிலிருந்த ஒன்றிய அரசின் படையிலேயே இருந்துவிட்டார். சிக்கமாகாவில் ஒரு படையை முழு அழிவிலிருந்து காத்தவர் அவர். நாஷ்வில்லில் எதிரிப் படை ஒன்றை மீண்டும் தலையெடுக்க முடியாதபடி நொறுக்கியவரும் அவரே.

அவருடைய இளமைக்காலம் எப்படிப்பட்டது?

1816 ஜூலை 31 அன்று, வட கரோலினா எல்லையை ஒட்டிய சவுத்தாம்ப்டன் மாவட்டத்தில், அடிமைகளை வைத்துப் பண்ணை நடத்திய ஒரு வசதியான குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். 1831 ஆகஸ்டில், நாட் டர்னர் என்ற அடிமையின் தலைமையில் அமெரிக்க வரலாற்றின் மிகக் கொடிய அடிமைக் கிளர்ச்சிகளில் ஒன்று அதே மாவட்டத்தில் வெடித்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட வெள்ளையர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழிவாங்குவதாகச் சொல்லிக்கொண்டு, கிளர்ச்சியில் பங்கே இல்லாத கறுப்பின மக்கள் பலரைக் கொன்றார்கள். அப்போது பதினைந்து வயதாயிருந்த தாமஸ், தாயாருடனும் சகோதரிகளுடனும் வீட்டை விட்டு ஓடிக் காட்டுவழியாகத் தப்பினார். அந்த அனுபவம் அவருடைய மனத்தில் என்ன பதித்தது என்பதை அவர் எங்கும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்கும் பழக்கமே அவருக்கு இல்லை.

சிறிது காலம் மாமாவிடம் சட்டம் பயின்ற பிறகு, 1836-இல் வெஸ்ட் பாயின்ட்டில் சேர்ந்தார். உடன் பயின்றவர்களைவிட வயதில் சற்று மூத்தவர். அறைத் தோழர்களில் ஒருவர் வில்லியம் ஷெர்மன். அந்த நட்பு, இடையிடையே உரசல்கள் வந்தபோதும், கடைசிவரை நீடித்தது. பின்னாளில் தம்முடைய போர்க்குதிரைக்கு ஷெர்மனின் செல்லப்பெயரான 'பில்லி' என்பதையே தாமஸ் சூட்டினார். 1840-இல் 42 பேரில் பன்னிரண்டாமவராகத் தேறி, மூன்றாம் பீரங்கிப் படைப்பிரிவில் சேர்ந்தார்.

உள்நாட்டுப் போருக்கு முன்பே அவருக்குப் போர் அனுபவம் இருந்ததா?

நிறையவே இருந்தது. ஃபுளோரிடாவில் செமினோல் பழங்குடியினருக்கு எதிரான போரில் பதவி உயர்வு பெற்றார். 1846-இல் மெக்சிகோவுடன் போர் மூண்டபோது, சக்கரி டெய்லரின் படையில் பீரங்கி அதிகாரியாக மாண்டெரேயில் போரிட்டார். 1847 பிப்ரவரியில் நடந்த புவேனா விஸ்டா போரில், டெய்லரிடம் இருந்தது எதிரிப் படையில் மூன்றில் ஒரு பங்குதான். அன்று டெய்லரின் வரிசை உடையாமல் நின்றதற்குப் பீரங்கிகளே காரணம்; தாமஸும், பின்னாளில் சிக்கமாகாவில் அவருக்கு எதிரே நிற்கப்போகும் பிராக்ஸ்டன் பிராக்கும் அந்தப் பீரங்கிகளை அடுத்தடுத்து நடத்தியவர்கள். போர் முடிந்ததும் சவுத்தாம்ப்டன் மக்கள், தங்கள் மண்ணின் மைந்தனுக்கு அழகிய வாள் ஒன்றைப் பரிசளித்துப் பெருமைப்படுத்தினார்கள். அந்த வாள் பற்றிப் பின்னால் மீண்டும் சொல்லவேண்டியிருக்கிறது.

1855-இல் புதிதாக அமைக்கப்பட்ட இரண்டாம் குதிரைப்படையில் மேஜர் ஆனார். அந்தப் படைப்பிரிவின் அதிகாரிகள் பட்டியல் வியப்பூட்டுவது: ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டன், ராபர்ட் லீ, வில்லியம் ஹார்டீ, ஜான் பெல் ஹூட். நால்வருமே பின்னர் தெற்கின் தளபதிகளானார்கள். 1860 ஆகஸ்டில் டெக்சஸில் கோமான்சி வீரர்களுடன் நடந்த மோதலில், ஓர் அம்பு தாமஸின் முகவாய்க்குக் கீழே சதையைத் துளைத்துக்கொண்டு மார்பில் போய்த் தைத்தது. அதைத் தம் கையாலேயே பிடுங்கி எறிந்துவிட்டு, மருத்துவர் கட்டுப்போட்டதும் வேலையைத் தொடர்ந்தார்.

அவரை 'மெதுநடைக்காரர்' என்று ஏன் அழைத்தார்கள்?

1851 முதல் 1854 வரை வெஸ்ட் பாயின்ட்டில் பீரங்கி, குதிரைப் பயிற்சிகளுக்கு ஆசிரியராக இருந்தார். கல்லூரியின் குதிரைகள் வயதானவை. மாணவர்கள் நாலுகால் பாய்ச்சலில் விரட்ட ஆசைப்படும் தருணத்தில், தாமஸின் கனத்த குரல் "மெதுநடை!" என்று ஆணையிடும். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

குதிரைகளைக் காப்பதற்காக இட்ட ஆணை, பத்தாண்டுகளுக்குப் பிறகு அவரைத் தாக்குவதற்கான ஆயுதமாக மாறிவிட்டது. அவருடைய போர்முறையைப் பற்றி இன்றும் சொல்லப்படும் "மந்தமானவர்" என்ற குற்றச்சாட்டில் பாதி, இந்தப் பட்டப்பெயரிலிருந்து பிறந்தது என்றே நான் கருதுகிறேன். அவர் மெதுவாகத் தயாரானவர் என்பது உண்மை. மெதுவாக அடித்தவர் அல்லர். அந்தக் கல்லூரியில் அவரிடம் பயின்ற இருவர், ஹூட்டும் ஜான் ஸ்கோஃபீல்டும், நாஷ்வில்லில் மீண்டும் நம் கதைக்குள் வருவார்கள்.

வர்ஜீனியாக்காரர் ஏன் ஒன்றியத்தின் பக்கம் நின்றார்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகம் திரிக்கப்பட்டதும் இதுவே.

1860 நவம்பரில், ரயிலிலிருந்து இறங்கும்போது கீழே விழுந்து தாமஸுக்கு முதுகில் பலத்த அடி பட்டது. இனிப் படைப்பணிக்குத் தாம் தகுதியாக இருக்க முடியாது என்று அஞ்சிய அவர், 1861 ஜனவரியில் வர்ஜீனியா ராணுவக் கல்லூரியில் ஒரு பணியிடம் காலியா என்று கேட்டு எழுதினார். பிற்காலத்தில் தெற்கத்தியர்கள் இந்தக் கடிதத்தைக் காட்டி, "அவர் எங்களுடன் வரத்தான் இருந்தார், பதவி கிடைக்காததால் மாறிவிட்டார்" என்றார்கள். ஆனால் மார்ச் மாதத்தில் வர்ஜீனியா ஆளுநர் மாநில ஆயுதத் தளவாடத் தலைமைப் பதவியைக் கொடுக்க முன்வந்தபோது தாமஸ் அதை மறுத்துவிட்டார். கண்ணியத்துடன் இருக்க முடியும்வரை ஒன்றியத்தின் பணியை விட்டு நீங்க விருப்பமில்லை என்று பதில் எழுதினார். அதே பதிலில், தம் மாநிலம் ஒன்றியத்தில் இருக்கும்வரை என்றும் ஒரு வரம்பு இருந்தது. ஆக, மார்ச்சில் அவர் முழுமுடிவுக்கு வந்திருந்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருதலைக் கொள்ளி எறும்பாகத்தான் இருந்திருக்கிறார்.

ஏப்ரல் 12 அன்று, தென் கரோலினாவில் ஒன்றியத்தின் வசமிருந்த சம்டர் கோட்டை மீது தெற்கின் குண்டுகள் விழுந்தன; போர் தொடங்கியது. ஐந்து நாள்களில் வர்ஜீனியாவின் மாநாடு பிரிவினைக்கு வாக்களித்தது. வரம்பு உடைந்த அந்த நேரத்தில், ராபர்ட் லீ பதவி விலகி மாநிலத்தோடு போனார். தாமஸ் தம் படையோடு இருந்து, விசுவாசப் பிரமாணத்தை மீண்டும் எடுத்துக்கொண்டார். இருபது ஆண்டுகளாக உண்ட செஞ்சோற்றுக் கடனும், கையுயர்த்திச் செய்த சத்தியமும் பிறந்த மண்ணின் மீதான பாசத்தைவிடக் கனமானவை என்று அவர் முடிவு செய்தார் என்பதே என் புரிதல். நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த அவருடைய மனைவி ஃபிரான்சஸ் கெல்லாக்தான் இந்த முடிவுக்குக் காரணம் என்ற பேச்சும் அன்று இருந்தது. அவர் மனைவியோ, இதைப் பற்றித் தாங்கள் விவாதித்ததே இல்லை என்று பின்னாளில் மறுத்தார்.

குடும்பம் அதை எப்படி ஏற்றுக்கொண்டது?

ஏற்றுக்கொள்ளவே இல்லை. சகோதரிகள் அவருடைய படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார்கள் என்றும், போருக்குப் பின் வறுமையில் இருந்தவர்களுக்கு அவர் உதவ முன்வந்தபோது "எங்களுக்குச் சகோதரன் யாரும் இல்லை" என்று மறுத்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. சவுத்தாம்ப்டன் மக்கள் பரிசளித்த வாள் சகோதரிகளின் வீட்டிலேயே தங்கிவிட்டது. அவர் கைக்கு அது திரும்பி வரவில்லை.

வடக்கிலும் அவருக்கு முழு நம்பிக்கை கிடைத்துவிடவில்லை. தெற்கில் பிறந்தவரைத் தளபதியாக்க லிங்கன் தயங்கியபோது, ஷெர்மன் பொறுப்பேற்று உறுதி சொன்ன பிறகே 1861 ஆகஸ்டில் பிரிகேடியர் ஜெனரல் பதவி வந்தது. வேறு தளபதிகளுக்குப் பரிந்து பேச அவரவர் மாநிலத்து ஆளுநர்களும் காங்கிரஸ் உறுப்பினர்களும் இருந்தார்கள். தாமஸுக்காகப் பேச ஒரு மாநிலமும் இல்லை.

போரின் தொடக்கத்தில் அவர் செய்தது என்ன?

1862 ஜனவரி 19 அன்று கென்டக்கியில் மில் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில், மழையிலும் மூடுபனியிலும் நடந்த போரில் தெற்கின் படையை முறியடித்தார். எதிர்த்தளபதி சோலிகாஃபர் களத்திலேயே இறந்தார். மேற்கு முனையில் ஒன்றியத்துக்குக் கிடைத்த முதல் குறிப்பிடத்தக்க வெற்றிகளில் அது ஒன்று.

அதே ஆண்டு செப்டம்பரில், மேலதிகாரி பியூவெல்லை நீக்கிவிட்டுப் படைத்தலைமையைத் தாமஸுக்குத் தர வாஷிங்டன் ஆணையிட்டது. பியூவெல் எதிரியைத் தாக்க எல்லா ஏற்பாடுகளும் முடித்துக் கிளம்பும் தறுவாயில் இருந்தார். அந்த நேரத்தில் தலைமையை மாற்றுவது முறையல்ல என்று சொல்லித் தாமஸ் பதவியை மறுத்தார். அடுத்த மாதம் பியூவெல் நீக்கப்பட்டபோது அந்தப் பதவி வில்லியம் ரோஸ்கிரான்ஸுக்குப் போயிற்று.

'சிக்கமாகாவின் பாறை' என்ற பெயர் எப்படி வந்தது?

1863 செப்டம்பர் 19, 20 தேதிகளில், ஜார்ஜியாவின் வடமேற்கு மூலையில் சிக்கமாகா ஓடைக்கரைக் காடுகளில் ரோஸ்கிரான்ஸின் படையும் பிராக்கின் படையும் மோதின. இரண்டாம் நாள் முற்பகலில், தம் வரிசையில் ஓர் இடைவெளி இருப்பதாகத் தவறான தகவல் பெற்ற ரோஸ்கிரான்ஸ், அதை அடைக்க வேறொரு டிவிஷனை, அதாவது ஆயிரக்கணக்கானோர் கொண்ட படைப்பிரிவை, நகர்த்தினார். இல்லாத இடைவெளியை அடைக்கப் போய் உண்மையான இடைவெளி உண்டாயிற்று. அதே இடத்தில், அதே நேரத்தில், தெற்கின் தளபதி லாங்ஸ்ட்ரீட்டின் பெரும்படை வந்து புகுந்தது. வலப்பக்கம் முழுதும் சிதறியது. ரோஸ்கிரான்ஸும் இரண்டு கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்பிரிவு) தளபதிகளும் சாட்டனூகா நகரை நோக்கி ஓடும் கூட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டார்கள்.

தாமஸ் இடப்பக்கத்தில் இருந்தார். சிதறி வந்தவர்களில் கையில் கிடைத்தவர்களை, எந்தப் படைப்பிரிவு என்று பாராமல், ஸ்னாட்கிராஸ் குன்றிலும் அதையொட்டிய மேட்டிலும் நிறுத்தினார். பிற்பகல் முழுதும் தாக்குதல் அலையலையாக வந்தது; தோட்டாக்கள் தீரும் நிலை. அப்போது பின்புறத்தில் தூரத்தே ஒரு தூசிப்படலம் எழுந்தது. வருவது நண்பனா பகைவனா என்று தெரியவில்லை. பகைவன் என்றால் எல்லாம் முடிந்தது. தாமஸ் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தார். குதிரை நிலைகொள்ளாமல் ஆடியதால் ஒன்றும் புலப்படவில்லை. அதிகாரி ஒருவரை அனுப்பிப் பார்த்துவரச் செய்தார். வந்தது கோர்டன் கிரேஞ்சரின் சேமப்படை. குண்டுச் சத்தம் கேட்டு, யாருடைய உத்தரவும் இல்லாமல், தோட்டாப் பெட்டிகளோடு அது புறப்பட்டு வந்திருந்தது. பொழுது சாயும்வரை குன்று விழவில்லை. இருட்டத் தொடங்கியபின் தாமஸ் படையை ஒழுங்காகப் பின்வாங்கச் செய்தார்.

பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் கார்ஃபீல்டு, அன்று ரோஸ்கிரான்ஸின் தலைமை அலுவலர். களத்துக்குத் திரும்பி வந்து பார்த்த அவர், தாமஸ் பாறையைப் போல் நிற்கிறார் என்று செய்தி அனுப்பினார். இரு தரப்பிலுமாக 34,000-க்கும் மேற்பட்டோர் இறந்தோ, காயமுற்றோ, பிடிபட்டோ போன அந்தப் போர், இழப்பில் கெட்டிஸ்பர்க் போருக்கு மட்டுமே அடுத்தது. ஒன்றியம் அதில் தோற்றது. ஆனால் படை பிழைத்தது.

கிராண்டுக்கும் தாமஸுக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை?

தொடக்கம் 1862-இல். டென்னசியில் நடந்த ஷைலோ போருக்குப் பின், மேல்தளபதி ஹாலெக் கிராண்டைப் பெயரளவுக்குத் துணைத்தலைவராக்கிவிட்டு, அவருடைய படையில் பெரும்பகுதியைத் தாமஸிடம் கொடுத்தார். தாமஸ் கேட்டுப் பெற்றதல்ல அது. ஆனாலும் கிராண்டின் மனத்தில் அந்தக் காயம் ஆறியிருக்காது.

1863 அக்டோபரில் ரோஸ்கிரான்ஸுக்குப் பதில் தாமஸ் சாட்டனூகாவில் தலைமையேற்றபோது, நகரம் முற்றுகையில் கிடந்தது. வீரர்களுக்கு அரைவயிற்று உணவுகூட இல்லை. எப்பாடுபட்டாவது நகரைக் காக்கவேண்டும் என்று, அப்போது மேற்கு முனைப் படைகளின் தலைவராகியிருந்த கிராண்ட் தந்தியடித்தார். பட்டினியால் விழும்வரை காப்போம் என்று தாமஸ் பதில் அனுப்பினார். நான்கு நாள் கழித்து, கொட்டும் மழையில் நனைந்தபடி கிராண்ட் நேரில் வந்து சேர்ந்தார். தாமஸின் அறையில் கணப்பின் ஒருபக்கம் அவர் அமர்ந்திருக்க, உடையிலிருந்து வடிந்த நீர் தரையில் குளமாகத் தேங்கியதாம். மறுபக்கம் தாமஸ் பேசாமல் இருந்தார். உதவியாளர் ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகே மாற்றுடையும் உணவும் வந்தன.

நவம்பர் 25 அன்று, நகரை முற்றுகையிட்ட பகைவர் வசமிருந்த மிஷனரி ரிட்ஜ் என்ற மலைமுகட்டின் அடிவாரத்திலுள்ள அகழிகளைப் பிடிக்கும்படி தாமஸின் வீரர்களுக்குக் கிராண்ட் ஆணையிட்டார். அவர்கள் பிடித்தார்கள், நிற்கவில்லை. செங்குத்தான மலைச்சரிவில் தாமாகவே ஏறத் தொடங்கினார்கள். "யார் இவர்களை மேலே அனுப்பியது?" என்று கிராண்ட் சினந்து கேட்க, "எனக்குத் தெரியாது, நான் அனுப்பவில்லை" என்றார் தாமஸ். சிறிது நேரத்தில் உச்சியில் ஒன்றியத்தின் கொடிகள் தெரிந்தன. சிக்கமாகாவின் அவமானத்தைச் சுமந்திருந்த வீரர்கள் அவர்கள்.

இறந்தவர்களுக்காகச் சாட்டனூகாவில் ஒரு கல்லறைத் தோட்டத்தைத் தாமஸ் அமைத்தார். மாநிலவாரியாகப் புதைக்கலாமா என்று கேட்டதற்கு, கலந்தே புதையுங்கள், மாநில உரிமை பேசிக் கேட்டு அலுத்துவிட்டது என்று அவர் சொன்னதாக ஒரு செய்தி உண்டு.

நாஷ்வில்லில் அவர் தாமதித்தது சரியா?

என் விடை: முற்றிலும் சரி.

1864-இன் இறுதியில் ஷெர்மன் தம் தேர்ந்த வீரர்களோடு அட்லாண்டாவிலிருந்து கடலை நோக்கிப் போய்விட்டார். ஹூட்டின் தலைமையில் தெற்கின் படை வடக்கே டென்னசிக்குள் நுழைந்தது. அதை எதிர்கொள்ளும் பொறுப்பு தாமஸுக்கு. கையில் இருந்ததோ ஒன்றுகூட்டப்படாத படை. நவம்பர் 30 அன்று ஃபிராங்க்ளினில் ஹூட் கண்மூடித்தனமாகத் தாக்கி ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தார். ஆறு ஜெனரல்கள் பலியானார்கள். அங்கே அவரைத் தடுத்த ஸ்கோஃபீல்டின் படை அன்றிரவே நாஷ்வில்லுக்குப் பின்வாங்கியது. மிசௌரியிலிருந்து ஏ. ஜே. ஸ்மித்தின் படையும் சாட்டனூகாவிலிருந்து ஸ்டீட்மனின் படையும் அங்கே வந்து சேர்ந்தன.

இல்லாதவை குதிரைகள். ஜேம்ஸ் வில்சனின் குதிரைப்படையில் ஆயிரக்கணக்கானோர் நடந்தே வந்திருந்தார்கள். டென்னசியிலும் கென்டக்கியிலும் கண்ணில் பட்ட குதிரைகளையெல்லாம் பிடித்தார்கள். சர்க்கஸ் குதிரைகளும் தப்பவில்லை. அடுத்த துணைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த ஆண்ட்ரூ ஜான்சனின் வண்டிக் குதிரைகளையும் அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள்.

இதற்கிடையே, ஒன்றியப் படைகள் அனைத்துக்கும் தலைமைத் தளபதியாகியிருந்த கிராண்டிடமிருந்து தந்திமேல் தந்தி. டிசம்பர் 6 அன்று, உடனே தாக்கு என்று நேரடி ஆணை. தாமஸ் தயாரான நேரத்தில், 9-ஆம் தேதி பனிமழை கொட்டி நிலமெங்கும் கண்ணாடியாய் உறைந்துவிட்டது. மனிதனும் குதிரையும் நிற்க முடியவில்லை. தம் கோர் தளபதிகளைக் கூட்டிக் கேட்டார். பனி உருகும்வரை காத்திருப்பதை எல்லோரும் ஆதரித்தார்கள். என்னை நீக்குவதானால் நீக்குங்கள், முறையிட மாட்டேன் என்று வாஷிங்டனுக்குத் தந்தி கொடுத்தார். கிராண்ட் முதலில் ஸ்கோஃபீல்டை நியமிக்க ஆணை எழுதச் செய்து நிறுத்திவைத்தார். பிறகு ஜான் லோகனைப் பதவியேற்க அனுப்பினார். கடைசியில் தாமே கிளம்பி வாஷிங்டன்வரை வந்துவிட்டார். வெற்றிச்செய்தி அங்கே அவரை எட்டியது.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பனி உருகியதும் டிசம்பர் 15 காலை, மூடுபனி விலகும்போது தாமஸ் அடித்தார். ஹூட்டின் வலப்பக்கத்தில் ஸ்டீட்மன் பாவனைத் தாக்குதல் நடத்த, பெரும்படை இடப்பக்கத்தை வளைத்து நொறுக்கியது. வில்சனின் வீரர்கள் குதிரையில் விரைந்து சென்று, இறங்கி நின்று தொடர்-துப்பாக்கிகளால் போரிட்டார்கள். மறுநாள் மாலை ஷை குன்று விழுந்தது. ஹூட்டின் வரிசை குலைந்தது. ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டார்கள். டென்னசி ஆறுவரை துரத்தல் தொடர்ந்தது. ஜனவரியில் ஹூட் பதவி விலகினார். தாமஸின் தரப்பில் இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோரும் சேர்த்துச் சுமார் 3,000 பேர். உள்நாட்டுப் போரின் பிற வெற்றிகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த விலை. ஆறு நாள் காத்திருந்து வீரர்களின் உயிரை மிச்சப்படுத்திய தளபதியை மந்தமானவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடிமை முறை பற்றியும் கறுப்பின வீரர்கள் பற்றியும் அவர் என்ன நினைத்தார்?

அவர் அடிமை உடைமைக் குடும்பத்தில் வளர்ந்தவர். டெக்சஸில் பணியாற்றியபோது சமையலுக்காக ஓர் அடிமைப் பெண்ணை விலைக்கு வாங்கவும் செய்தார். கறுப்பின வீரர்கள் அரண்களுக்குப் பின்னால் நின்று போரிடுவார்கள், திறந்த வெளியில் போரிடுவார்களா என்று ஐயப்பட்டவர். நாஷ்வில்லின் இரண்டாம் நாள், ஓவர்ட்டன் குன்றின் மீது நடந்த தாக்குதலில் பதின்மூன்றாம் கறுப்பினக் காலாட்படைப் பிரிவு மட்டும் 200-க்கும் மேற்பட்டோரை இழந்தது. அந்தச் சரிவில் கறுப்பரும் வெள்ளையரும் கலந்து விழுந்து கிடந்ததைப் பார்த்தபடி சென்ற தாமஸ், கறுப்பின வீரர்கள் போரிடுவார்கள் என்பதில் இனிக் கேள்வியே இல்லை என்று உடன் வந்தவர்களிடம் சொன்னதாக, அவ்வீரர்களை நடத்திய தாமஸ் மார்கன் பதிவு செய்திருக்கிறார். கண்ணால் கண்டதும் கருத்தை மாற்றிக்கொண்டார். மாற்றியபடியே நடந்தார் என்பதற்குப் போருக்குப் பிந்தைய ஆண்டுகள் சான்று.

போருக்குப் பின் என்ன செய்தார்?

டென்னசி, கென்டக்கி முதலிய மாநிலங்களில் ராணுவப் பொறுப்பு வகித்து, விடுதலை பெற்ற கறுப்பின மக்களையும் அவர்களுடைய தொழில் ஒப்பந்தங்களையும் காக்கப் படையைப் பயன்படுத்தினார். கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தார். தோற்ற தரப்பினர் தங்கள் கிளர்ச்சிக்குத் தேசபக்தி வண்ணம் பூசி, விடுதலைக்காகவும் நீதிக்காகவும் போராடியதாக வரலாற்றைத் திருத்த முயல்கிறார்கள் என்று 1868-இல் அதிகாரபூர்வ அறிக்கையில் எழுதினார். பிற்காலத்தில் தெற்கெங்கும் பரவிய அந்தப் புனைவை, அது முளைவிடும்போதே இவ்வளவு தெளிவாக அடையாளம் காட்டியவர்கள் குறைவு.

அதே ஆண்டு, கிராண்டுக்குப் போட்டியாக அவரை உயர்த்த எண்ணிய குடியரசுத் தலைவர் ஜான்சன், கௌரவ லெப்டினன்ட் ஜெனரல் பதவிக்கு அவர் பெயரை அனுப்பினார். போருக்குப் பின் அதற்குத் தகுதியாக நான் ஒன்றும் செய்யவில்லை என்று செனட்டுக்குத் தெரிவித்துத் தாமஸ் மறுத்துவிட்டார்.

பிறகு ஏன் அவர் பெயர் மங்கிப்போனது?

1869-இல் பசிபிக் கோட்டத் தளபதியாக சான் பிரான்சிஸ்கோ சென்றார். 1870 மார்ச் 28 அன்று, நாஷ்வில் வெற்றியில் தம் பங்கைக் குறைத்துச் செய்தித்தாளில் வந்த ஒரு கட்டுரைக்கு மறுப்பு எழுதிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கி இறந்தார். வயது 53. நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில், மனைவியின் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். இரத்த உறவினர் ஒருவர்கூட வரவில்லை.

தம் தனிப்பட்ட கடிதங்களை அவர் எரித்துவிட்டார். நினைவுக்குறிப்பு எதுவும் எழுதவில்லை. ஷெர்மனின் நினைவுக்குறிப்புகள் 1875-இலும் கிராண்டின் நினைவுக்குறிப்புகள் அடுத்த பத்தாண்டிலும் வெளிவந்தன. அவற்றைப் படித்தே அமெரிக்கர்கள் பலர் அந்தப் போரை அறிந்துகொண்டார்கள். கிராண்டின் எழுத்தில் தாமஸ், நேர்மையான, உறுதியான, ஆனால் மெதுவான மனிதர். மறுத்துப் பேச அவர் உயிரோடு இல்லை. அவருக்காகப் பேசக் கடமைப்பட்ட மாநிலமும் இல்லை. பேசியவர்கள் அவருடைய பழைய வீரர்கள். அவர் தலைமை வகித்த கம்பர்லாந்து படையின் சங்கத்தினர் நிதி திரட்டி, 1879-இல் வாஷிங்டன் நகரின் நடுவே, இன்று அவர் பெயரால் அழைக்கப்படும் சதுக்கத்தில், குதிரைமேல் அமர்ந்த வெண்கலச் சிலையை நிறுவினார்கள். அது இன்றும் அங்கே இருக்கிறது.